ராஜமேரி வாயசைத்த பாட்டு

பாலக்கோட்டுக்குத் தெற்கே இருக்கிற சூசையப்பர்பட்டியில் ஆரோக்கியம்மாளைத் தெரியாதவர்கள் கிடையாது. அவளைப் பார்க்காமலே தெரிந்து வைத்திருந்தவர்கள் அதைவிட அதிகம். அறுபத்தாறாம் வருஷம் வரைக்கும் அவள் தக்காளித் தோட்டத்துக்குப் போய்வருகிற சவரிராயன் பெண்டாட்டி, அவ்வளவுதான். அந்த வருஷம்தான் 'மாலைத் துதி'க்காரர்கள் ஜீப்பில் வந்தார்கள்.

'மாலைத் துதி' ரேடியோவில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வரும். சபைகள் பல சேர்ந்து பட்டணத்தில் ஒலிப்பதிவு செய்து அனுப்புகிற நிகழ்ச்சி. வாரம் ஒரு கோயிலின் பாடகர் குழு, அரை மணி நேரம். அறுபத்தொன்றில் ஆரம்பித்ததிலிருந்து ஒரு வாரம்கூட நின்றதில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். சூசையப்பர்பட்டியில் சாமியார் வீட்டு ஜன்னலில் ரேடியோவை வைத்தால் ஊரே வெளியே உட்கார்ந்து கேட்கும். எந்த ஊர்க் கோயில், யார் பாடினார்கள், சுருதி எங்கே இறங்கியது என்றெல்லாம் திங்கட்கிழமை களையெடுக்கும்போது பேச்சு நடக்கும்.

அதை நடத்தி வந்தவர் ஐசக் சார். ஒல்லியான, மெல்லப் பேசுகிற மனுஷன். அன்றைக்கு டேப் மெஷினைப் பீடத்துக்கு முன்னால் வைத்து, குழு பாடிய மூன்று பாட்டையும் பதிவு செய்து முடித்தவர், "புஸ்தகத்துல இருக்கறத எல்லாரும் பாடறாங்க. உங்க ஊருக்குன்னு ஏதாவது பாட்டு இருக்கா?" என்று கேட்டார்.

பெண்கள் ஆரோக்கியம்மாளைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். அவளுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. இடுப்பில் கைக்குழந்தை செலின். குழந்தையைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு, முக்காட்டை இழுத்துக்கொண்டு, பெரிய வெள்ளிக்கிழமை சிலுவையடியில் அவள் அம்மா பாடுகிற பாட்டைப் பாடினாள். மகனைப் பறிகொடுத்த மாதாவின் புலம்பல் அது.

*ஆணி அடிச்ச கைய நான் அள்ளி முகத்தில் வைப்பேனோ*
*அடியெல்லாம் உனக்கிருக்க அழுகை மட்டும் எனக்காச்சோ*

முதல் அடியை ஒரே மூச்சில் இழுத்து, கடைசியில் குரலை உடைத்து, உடைந்த இடத்திலிருந்தே இரண்டாவது அடியை எடுப்பாள். ஐசக் சார் மெஷினை நிறுத்த மறந்துபோய் உட்கார்ந்திருந்தார். டேப் முடிந்து சக்கரம் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அடுத்த தவக்காலத்தில் அது ரேடியோவில் வந்தது. "பாடியவர், சூசையப்பர்பட்டி ஆரோக்கியம்மாள்" என்று சொன்னார்கள். இலங்கையிலிருந்தும் மலாயாவிலிருந்தும்கூடக் கடிதம் வந்ததாக ஐசக் சார் எழுதியிருந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தவக்காலத்திலும் அவள் பாட்டு வந்தது. இரண்டு தடவை ஐசக் சாரே மெஷினோடு வந்து வேறு பாட்டுகளை எடுத்துப் போனார். கம்பைநல்லூர்ச் சந்தையில் முன்பின் தெரியாத ஒரு கிழவி அவள் பேசுவதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்து, "ரேடியோவுல அழுவறது நீதானா, ஆத்தா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

பத்து வருஷம் இப்படிப் போயிற்று. பட்டணத்துக்கு டெலிவிஷன் வந்தது. 'மாலைத் துதி'க்கு அதிலும் அரை மணி நேரம் கிடைத்தது. எழுபத்தாறு மார்ச்சில் ஐசக் சாரிடமிருந்து கடிதம்: ஈஸ்டருக்கு முந்தின வாரம் ஒளிபரப்பாகிற நிகழ்ச்சிக்கு சூசையப்பர்பட்டிக் குழுதான் வரவேண்டும், ஆரோக்கியம்மாள் கட்டாயம் வரவேண்டும்.

ஒன்பது பேர் கிளம்பினார்கள். கூடப் பங்குச் சாமியார். சவரிராயனின் தம்பி அல்போன்சும் அவன் மனைவி ராஜமேரியும் அந்த ஒன்பதில் இருந்தார்கள். ராஜமேரி கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி வந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. பாட்டு அவளுக்குச் சுமார். ஆள் எண்ணிக்கைக்காகக் குழுவில் நின்றாள். ஓரகத்திகள் இரண்டு பேருக்கும் நல்ல ஒட்டுதல். பஸ்ஸில் ஆரோக்கியம்மாள் தோளில் சாய்ந்துதான் ராஜமேரி தூங்கிக்கொண்டு வந்தாள்.

பதிவுக்கூடத்தில் பந்தல் போல விளக்குகள் தொங்கின. வெக்கை அனலாக அடித்தது. முகத்தில் மாவு பூசினார்கள். ஆரோக்கியம்மாளை நடுவில், முதல் வரிசையில் நிறுத்தினார்கள். கேமரா அவளுக்கு நேரே வந்து நின்றது. அவள் கண்ணை மூடிப் பாட ஆரம்பித்தாள்.

முதல் அடி முடிவதற்குள் யாரோ "கட்" என்றார்கள்.

மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி நிறுத்தினார்கள். கேமராக்காரன் ஐசக் சாரின் காதில் எதையோ சொன்னான். ஐசக் சார் பங்குச் சாமியாரைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். சாமியார் தலையைக் குனிந்துகொண்டார். ஆரோக்கியம்மாளுக்குச் சுருதி தப்பிவிட்டதோ என்று பயம்.

சாமியார்தான் வந்தார். "ஆரோக்கியம், ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்க சாமி."

அவர் கையை நீட்டிக் காட்டினார். பக்கத்தில் மேசைமேல் ஒரு சின்ன டெலிவிஷன் பெட்டி இருந்தது. அதில் அப்போது எடுத்ததைத் திருப்பிப் போட்டார்கள். ஆரோக்கியம்மாள் பார்த்தாள். மாவு பூசிய முகம் ஒன்று பெட்டி நிறைய இருந்தது. அது வாயைத் திறந்தது. உள்ளே பல்லெல்லாம் கறுத்து, குழி விழுந்து, அரித்த கல்லைப் போலத் தெரிந்தது. விளக்கு வெளிச்சத்தில் வேறெதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

சூசையப்பர்பட்டியில் பிறந்த அத்தனை பேருக்கும் பல் அப்படித்தான். பால்பல் விழுந்து முளைக்கும்போதே மஞ்சள் பூத்து வரும். பத்து வயதில் காவி ஏறிவிடும். ஊரில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. எல்லாருக்கும் இருக்கிற ஒன்றைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? ஆரோக்கியம்மாள் கண்ணாடி பார்த்திருக்கிறாள், பொட்டு வைக்க, தலை வார. வாயைத் திறந்து பாடுகிறபோது தான் எப்படி இருப்போம் என்று முப்பத்தெட்டு வயது வரைக்கும் அவள் பார்த்ததில்லை.

"வெத்தல போடற பழக்கமா அம்மா?" என்று கேமராக்காரன் கேட்டான்.

"இல்லீங்க."

ஐசக் சார் அவள் முன்னால் வந்து கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். "பத்து வருஷமா உங்க குரலக் கேட்டுட்டிருக்கேன். உங்களப் போய் இப்படி... ஆனா வீட்டுல உக்காந்து பாக்கறவங்களுக்குப் பாட்டு மேல மனசு போகாதும்மா. நீங்க திரைக்குப் பின்னாடி மைக்ல பாடுங்க. முன்னாடி ஒருத்தர் வாயசைக்கட்டும். சினிமாவுல எல்லாம் அப்படித்தானே."

"தேவனுக்குப் பாடறோம். யார் மொகம் தெரிஞ்சா என்ன?" என்றார் சாமியார். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

குழுவில் வெள்ளைப் பல் ஒருத்திக்குத்தான் இருந்தது.

"அக்கா, நான் மாட்டேன்" என்றாள் ராஜமேரி. அவள் கண் கலங்கிவிட்டது.

ஒன்பது பேரும் அவ்வளவு தூரம் வந்து நிற்கிறார்கள். கேமராவுக்கு நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆரோக்கியம்மாள்தான் ராஜமேரியின் கையைப் பிடித்து நடுவில் கொண்டுபோய் நிறுத்தினாள். "நில்லு. பாட்டுத்தான் ஒனக்குத் தெரியுமே" என்றாள். பிறகு கறுப்புத் திரைக்குப் பின்னால் போனாள். அங்கே ஒரு ஸ்டூலும் மைக்கும் இருந்தன. அன்றைக்கு அவள் பாடிய மாதிரி அதற்கு முன்னால் பாடியதில்லை என்று கூட வந்தவர்கள் பின்னால் சொன்னார்கள். அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. வாயை முந்தானையால் மூடிக்கொண்டு பாடக்கூடாது என்று யாரோ சொன்னது மட்டும் நினைவிருந்தது.

ஊரில் அந்த நிகழ்ச்சியை யாரும் பார்க்கவில்லை. தர்மபுரிப் பக்கம் டெலிவிஷன் எடுக்காது. பெரம்பூரிலிருந்த சவரிராயனின் பெரியப்பா மகன் கார்டு எழுதினான்: 'நம்ம ராஜமேரியை டி.வி.யில் பார்த்தோம். அவள் இவ்வளவு நன்றாகப் பாடுவாள் என்று தெரியாது. குரல் அச்சாக அண்ணியின் குரல் போலவே இருந்தது. அண்ணி ஏன் வரவில்லை, உடம்பு சரியில்லையா?'

சவரிராயன் அதை இரண்டு தடவை படித்தான். பட்டணம் போய்வந்தவர்களில் யாரும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை.

"பாடுனது யாரு?" என்று கேட்டான்.

"நாந்தான்."

"அப்பறம்?"

அவள் சொன்னாள். அவன் கார்டைக் கசக்கி, தம்பி வீட்டு வாசலில் போய் நின்று சத்தம் போட்டான். அல்போன்சும் விடவில்லை. "எம்பொண்டாட்டி கேட்டுப் போய் நின்னாளா? உம்பொண்டாட்டிதான் கையப் புடிச்சு நிறுத்துனா" என்றான். அதுவும் உண்மைதான்.

ஐசக் சாரிடமிருந்து கடிதம் வந்துகொண்டே இருந்தது. பார்த்தவர்கள் அந்தப் பாடகியைக் கேட்கிறார்களாம். எழுபத்தெட்டு வருஷக் கடைசி வரைக்கும் நாலு தடவை பட்டணம் போனார்கள். குழு இல்லை, ஓரகத்திகள் இரண்டு பேர் மட்டும். பதினாலு பாட்டு. ஒவ்வொரு தடவையும் போகவேண்டாம் என்றுதான் ஆரோக்கியம்மாள் நினைப்பாள். கடிதம் வந்ததும் மனசு மாறிவிடும். பாடாமல் இருக்க அவளால் முடியவில்லை. பாடுவதற்குத் திரைக்குப் பின்னால்தான் இடம் என்றால் அங்கேயாவது பாடலாம் என்று இருந்தது.

ராஜமேரி வாயசைப்பதில் தேறிவிட்டாள். அக்கா எந்த இடத்தில் மூச்சு எடுப்பாள், எங்கே குரல் உடையும் என்று பார்த்து வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் கண்ணையும் மூடுவாள். ஒரு சபைப் பத்திரிகையில் 'கண்ணீரால் பாடும் ராஜமேரி' என்று அவள் படம் வந்தது. அல்போன்ஸ் அதை வெட்டி, இரண்டு வீட்டுக்கும் பொதுவான கூடத்துச் சுவரில், திரு இருதயப் படத்துக்குக் கீழே ஒட்டினான். ராஜமேரி அதைக் கிழிக்கப் போனாள். ஆரோக்கியம்மாள் தடுத்துவிட்டாள். "இருக்கட்டும், எம்பாட்டுக்கு ஒரு மொகமாவது இருக்குதே" என்றாள். அவள் வேடிக்கையாகச் சொன்னாளா, மனசு வெந்து சொன்னாளா என்று ராஜமேரிக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு குறைந்தது.

எழுபத்தெட்டில்தான் உடம்பும் கெட்டது. முதலில் இடுப்பு. குனிந்து நாற்று நட முடியவில்லை. பிறகு கழுத்து, பக்கத்தில் நிற்கிறவரைப் பார்க்க வேண்டுமானால் உடம்போடு திரும்பவேண்டியிருந்தது. கோயிலில் முழங்கால் போட முடியாமல் பின்னால் நின்றாள். கடைசிப் பதிவில் ஒரு அடிக்கு மூன்று இடத்தில் மூச்சு வாங்கிற்று. "பரவால்லம்மா, வெட்டி ஒட்டிக்கறோம்" என்றார் ஐசக் சார். வெட்டி ஒட்டியதைப் போட்டுக் கேட்டபோது ஒரே மூச்சில் பாடியது போலத்தான் இருந்தது.

எழுபத்தொன்பது ஆகஸ்டில், பட்டணத்தில் கன்னியர்கள் நடத்துகிற ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்தார்கள். துணைக்கு ராஜமேரி வந்தாள். வேண்டாம் என்று சொல்ல வேறு ஆள் இல்லை. செலினுக்கு அப்போதுதான் பதினாலு வயது, வீட்டைப் பார்க்க அவள் வேண்டும்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் கேட்டார், "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?"

"எங்க ஊருக் கெணத்துத் தண்ணிங்க."

"அந்தத் தண்ணியில ஒரு உப்பு அதிகமா இருக்கு. பல்லுல கறை அதாலதான். இப்ப எலும்புலயும் ஏறிடுச்சு. முதுகெலும்பு, விலா எலும்பு எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வருது. நெஞ்சு விரியாது. அதான் மூச்சு வாங்குது."

"மருந்து இருக்குங்களா?"

"தண்ணிய மாத்தணும்மா. ஏறினது இறங்காது."

 "சின்னப் புள்ளைங்களுக்குங்க?" என்று கேட்டாள் ஆரோக்கியம்மாள். டாக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தாமல், "அதே தண்ணிதானே" என்றார்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நடக்க முடிந்த நோயாளிகளை ஹாலுக்குக் கூட்டிப் போனார்கள். யாரோ தானமாகக் கொடுத்த டெலிவிஷன் அங்கே இருந்தது. ஆரோக்கியம்மாளை நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள் ராஜமேரி. இருபது பெண்கள் இருப்பார்கள். சிஸ்டர் பெட்டியைத் திருகினாள். 'மாலைத் துதி.'

மூன்று வருஷத்தில் ஆரோக்கியம்மாள் அதை வீட்டில் வைத்துப் பார்க்கிற மாதிரிப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இரண்டாவது பாட்டு அவளுடையது. ராஜமேரி வெள்ளைப் புடவையில், முக்காட்டோடு, பெட்டிக்குள்ளே நின்றாள். 'ஆணி அடிச்ச கைய நான்' என்று ஆரம்பித்ததும் ஹால் அடங்கிப்போயிற்று. முன்வரிசையில் ஒரு பெண் விசும்பினாள். ராஜமேரி நாற்காலிக்குப் பின்னால் குனிந்து நின்றுகொண்டாள்.

பாட்டு முடிந்து யாரோ திரும்பினார்கள். "ஏம்மா, நீதானே அது?"

எல்லாரும் திரும்பினார்கள். "அவங்கதான். சிஸ்டர், இங்க பாருங்க, பாடினவங்க இங்கயே நிக்கறாங்க." பெட்டியை அணைத்துவிட்டார்கள். அவளைச் சுற்றி நின்றுகொண்டார்கள். விசும்பிய பெண் ராஜமேரியின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நாளைக்கு எனக்கு ஆபரேஷன். ஒரே ஒரு அடி பாடும்மா" என்றாள்.

ராஜமேரி கையை உருவிக்கொண்டாள். "நான் பாடலீங்க. சத்தியமா நான் இல்ல. எங்க அக்கா பாடுனது. இவங்க. நான் சும்மா வாயத்தான் அசைச்சேன்."

எல்லாரும் நாற்காலியைப் பார்த்தார்கள். கழுத்து திரும்பாமல், முதுகு வளைந்து, கறுத்த பல்லோடு ஒரு நோயாளி. "பாடுங்கக்கா, சொல்லுங்க இவங்களுக்கு" என்று ராஜமேரி கெஞ்சினாள். ஆரோக்கியம்மாளுக்கு அவள்மேல் அந்த நேரத்தில் ஒரு பிரியம் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பஸ்ஸில் வந்தது போல. பாடிவிடலாம் என்று நினைத்தாள்.

"ஆணி அடிச்ச" வரைக்கும் வந்தது. "கைய" என்பதற்கு மூச்சில்லை. நெஞ்சுக்கூடு இறுகிப் பிடித்துக்கொண்டது. நிறுத்தி, மூச்சு எடுத்து, திரும்ப ஆரம்பித்தாள். குரல் கரகரத்து, சுருதி இல்லாமல் ஒரு சத்தம் வந்தது. இருமல் வந்தது. சிஸ்டர் ஓடிவந்து முதுகைத் தடவி, "போதும்மா, போதும்" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலாம். ஆபரேஷன் பெண் ராஜமேரியிடம் மெதுவாகச் சொன்னாள்: "உடம்புக்கு முடியாதவங்க மனசு நோகக் கூடாதுன்னு பாடின பேர அவங்களுக்குக் குடுக்கறியே, உனக்கு எவ்வளவு நல்ல மனசு." மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். ராஜமேரி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அதையும் அவள் பணிவு என்றே எடுத்துக்கொண்டார்கள்.

வார்டுக்குத் திரும்பியதும் ராஜமேரி கட்டில் காலடியில் உட்கார்ந்துகொண்டாள். "என்ன ரெண்டு திட்டாவது திட்டுங்கக்கா."

"ஒன்னத் திட்டி என்ன ஆவப் போவுது" என்றாள் ஆரோக்கியம்மாள். சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுக்க நினைத்தாள். உடம்பு திரும்பவில்லை. கூரையைப் பார்த்தபடியே கிடந்தாள்.

ஊருக்குத் திரும்பி வந்து அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். வேறு கிணறு மூன்று மைல் தள்ளி இருந்தது. சவரிராயன் கொஞ்ச நாள் சைக்கிளில் குடம் கட்டிக் கொண்டுவந்தான். கோடையில் அந்தக் கிணற்றுக்காரர்கள் தர முடியாது என்றுவிட்டார்கள்.

ஐசக் சாருக்கு சாமியார் விவரம் எழுதினார். டிசம்பரில் பதில் வந்தது. ஆரோக்கியம்மாளுக்காக ஜெபிப்பதாக எழுதியிருந்தார். கையில் இருக்கிற பதினாலு பாட்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வோம், நேயர்கள் குறை சொல்லமாட்டார்கள் என்றும், கடைசியில் ஒரு வரியும்: 'உங்கள் குடும்பத்தில் அந்தக் குரல் வேறு யாருக்காவது இருக்கிறதா? இருந்தால் ராஜமேரியோடு அனுப்பி வையுங்கள்.'

சவரிராயன் அதைச் சத்தமாகத்தான் படித்தான். செலின் அடுப்படியில் இருந்தாள். பூசையில் அவள் பாட ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அம்மாவின் குரலேதான், இன்னும் கொஞ்சம் உயரத்தில். கண்ணை மூடிக் கேட்கிறவர்கள் ஆரோக்கியம் பாடுகிறாள் என்பார்கள். வீட்டுச் செலவுக்குக் குடத்தில் கிடப்பதும், அவள் குடித்து வளர்ந்ததும் அந்தத் தண்ணீர்தான். அவள் வாய்விட்டுப் பாடுகிறபோது காவி ஏறிய பல் தெரியும், ஆரோக்கியம்மாள் பார்வையைத் தாழ்த்திக்கொள்வாள்.

"என்னன்னு எழுதட்டும்?" என்றான் சவரிராயன்.

"யாரும் இல்லன்னு எழுதுங்க."

செலின் வெளியே வந்தாள். கையில் கரி. "ஏம்மா? நான் இருக்கறேன் இல்ல?"

"ஒன்ன யாரு கேட்டா? வாய மூடிக்கிட்டு வேலையப் பாரு."

அவள் அந்தப் பெண்ணை அப்படிப் பேசியதே இல்லை. சொன்ன பிறகு எழுந்து போய் அவளைத் தொட வேண்டும் என்று நினைத்தாள். எழுந்திருக்க யாராவது கை கொடுக்கவேண்டும். செலின் அதற்குள் அடுப்படிக்குத் திரும்பியிருந்தாள். சவரிராயன் கார்டில் இரண்டு வரி எழுதி, மறுநாள் பாலக்கோட்டுக்குத் தக்காளி ஏற்றிப் போனபோது தபாலில் போட்டான்.

கிறிஸ்துமஸ் பூசையில் செலின் குழுவில் நிற்கவில்லை. குழுவுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிற கோயில் சிஸ்டர் வந்து கேட்டதற்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்றாள். அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னாள்.